கரண்ட் போனாலும் ஹிஸ்டரி போகக்கூடாது: பாஷ், டிமக்ஸ், தமிழ்க் கோப்புகள் - நாள்பட்ட பயன்பாட்டில்

திருகோணமலையில் உபுண்டு என்ற லினக்ஸில் வேலை செய்கிறவர்கள், கட்டளைகளை அடித்து இயக்கும் ஷெல்லுக்கு நிறம் பூசுமுன், அதன் ஹிஸ்டரியை (அடித்த கட்டளைகளின் பதிவை) காப்பாற்ற வழி செய்யவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க இருந்த 13 மணித்தியால மின்வெட்டு இப்போது இல்லைத்தான். ஆனால் மாரி மழையில் லைன் விழுந்தால், பற்றரி செத்த மடிக்கணினியும் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பும் அந்த நொடியே அணைந்துவிடும். உபுண்டுவின் வழக்கமான ஷெல்லான பாஷ், நாம் அடித்த கட்டளைகளை நினைவகத்தில் வைத்திருந்து, ஷெல்லை மூடும்போதுதான் கோப்பில் எழுதும். மூட நேரம் கிடைக்காவிட்டால் காலையிலிருந்து அடித்ததெல்லாம் போச்சு.

இதற்கு ஒரு வரி போதும். பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு போட்டு எழுதும் 'ப்ராம்ப்ட் கமாண்ட்' மாறிக்கு 'ஹிஸ்டரி -ஏ' என்று கொடுங்கள். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் ஒவ்வொரு முறை வரும்போதும் புதிய கட்டளை கோப்பில் சேரும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஒரு கட்டளை ஓடி முடிந்து அடுத்த ப்ராம்ப்ட் வந்த பிறகே அது பதிவாகும். இரண்டு மணித்தியாலம் ஓடும் பேக்கப்பின் நடுவில் கரண்ட் போனால், அந்த நீளமான கட்டளை கோப்பில் இராது. அதோடு, எழுதியதை லினக்ஸ் உடனே வட்டில் போடாமல் 30 செக்கன் வரை வைத்திருக்கும். கடைசி அரை நிமிடம் எப்படியும் ஆபத்தில்தான்.

அளவு விஷயத்தில் பலர் மாட்டுப்படுகிறார்கள். உபுண்டுவின் பாஷ்ஆர்சியில், நினைவகத்தில் வைக்கும் அளவான 'ஹிஸ்ட்சைஸ்' 1000, கோப்பில் வைக்கும் அளவான 'ஹிஸ்ட்ஃபைல்சைஸ்' 2000 என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். அதைத் தொடாமல் கோப்பின் அடியில் 1,00,000 என்று புதிதாக ஒரு வரி சேர்த்தால் பலன் இல்லை. ஹிஸ்ட்ஃபைல்சைஸுக்கு மதிப்புக் கொடுக்கும் அந்தக் கணமே பாஷ் கோப்பை அந்த அளவுக்கு வெட்டிவிடும். மேலே உள்ள 2000 வெட்டிய பிறகு கீழே எவ்வளவு கொடுத்தும் பழையது திரும்பாது. மேலே இருக்கும் அந்த இரண்டு வரிகளையே திருத்துங்கள். இரண்டையும் சேர்த்துத் திருத்துங்கள். கடவுச்சொல் வரும் கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் அது ஹிஸ்டரியில் ஏறாது. உபுண்டுவில் இந்த வசதி முதலே போட்டிருக்கிறது.

ஹிஸ்டரி பெருத்த பிறகு, அதற்குள் தேடித்தரும் எஃப்இசட்எஃப் போடுங்கள். அதன் கன்ட்ரோல் ஆர் இணைப்பையும் பாஷ்ஆர்சியில் இயக்கினால், கட்டளையின் நடுத்துண்டு நினைவிருந்தாலே போதும். சேர்த்தவற்றுக்குள் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றால் இதைத்தான் வைத்திருப்பேன்.

பாஷுக்குப் பதிலாகப் போடக்கூடிய இசட் ஷெல் நல்லது. கட்டளையை அடித்தவுடனேயே பதிவு செய்யும் வசதி அதில் இருக்கிறது. மேலே சொன்ன ஓட்டை அங்கே இல்லை. ஆனால் 'சேவ்ஹிஸ்ட்' என்ற மாறியை அமைக்காவிட்டால் அது எதையும் சேமிக்காது. இசட் ஷெல்லுக்கான துணைத்தொகுப்பான ஓ மை இசட் ஷெல்லில் பிளக்இன்களை அள்ளிப் போட்டால் புதிய டெர்மினல் திறக்கவே தாமதமாகும். நேரத்தை அளக்கும் 'இசட்ப்ராஃப்' கொண்டு பார்த்தால் எது இழுக்கிறது என்று தெரியும்; ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் மென்பொருளின் பதிப்புகளை மாற்றித்தரும் என்விஎம் அடிக்கடி முன்வரிசையில் நிற்கும்.

ப்ராம்ப்டில் நிறம் போட்டபின் நீளமான கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் மேலேயே எழுதுகிறதா? நிறக் குறியீடுகளை \[ \] என்பவற்றுக்குள் அடைக்கவில்லை என்று அர்த்தம். அடைத்தால் சரி.

மொபைல் டேட்டாவில் தூரச் செர்வருக்குப் போகிறவர்களுக்கு தூரத்திலிருந்து ஷெல்லுக்குள் நுழையவிடும் எஸ்எஸ்எச் மட்டும் போதாது. ஷெல் அமர்வைப் பிடித்துவைத்திருக்கும் டிமக்ஸ் செர்வரில் ஓடினால் லைன் அறுந்தாலும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும். திரும்பப் போய் 'டிமக்ஸ் அட்டாச்' கொடுக்கலாம். எஸ்எஸ்எச் போன்ற இன்னொரு இணைப்புக் கருவியான மோஷ், சிக்னல் போய் வந்தாலும் தானே ஒட்டிக்கொள்ளும், ஆனால் செர்வரின் ஃபயர்வோலில் யூடிபி 60000 முதல் 61000 வரை திறக்கவேண்டும். மோஷில் பின்னோக்கி ஸ்க்ரோல் செய்ய முடியாது. அதனால் அதற்குள்ளும் டிமக்ஸ் வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் தமிழ்க் கோப்புப்பெயர். கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் பெயருக்குப் பதில் \340\256 என்று எண்கள் வரிசைகட்டும். கோப்பு பழுதில்லை, கிட் அமைப்பில் 'கோர்.கோட்பாத்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தெரியும். பெயரின் நீளத்திலும் சிக்கல் உண்டு: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்தான் தரும், ஆக 85 குறியீடுகளோடு முடிந்தது. ஓர் அறிக்கையின் முழுத் தலைப்பையும் பெயராக வைத்தால் சேமிக்கவே விடாது.

கட்டளை வரியில் தமிழைத் திருத்துவது இன்னும் சிரமம். புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை, இகரக் குறியும் காலும் ஒரு கட்டம் பிடிப்பவை என்று ஷெல் கணக்குப் போடும். டெர்மினல் வேறு கணக்கில் வரைந்தால் கர்சர் ஓரிடத்தில் நிற்கும், அழிவது இன்னோரிடத்தில் அழியும். அப்படியான இடத்தில் முதல் எழுத்தை அடித்து டேப் கொடுங்கள். அதே எழுத்தில் வேறு பெயர் தொடங்காவிட்டால் பெயர் முழுதாக வந்துவிடும், நடுவில் கைவைக்கத் தேவையில்லை.

அமைப்புக் கோப்புகளை ஒரு கிட் களஞ்சியத்தில் போட்டு, இணைப்புகளை உருவாக்கித்தரும் க்னூ ஸ்டோ மூலம் வீட்டு அடைவுக்கு இணைப்புக் கொடுத்தால் புதிய மெஷினில் எல்லாம் ஒரே கட்டளையில் வந்துசேரும். ஆனால் பாஷ்ஆர்சியில் 'வணக்கம்' போன்ற வரவேற்பை அச்சிடும் வரி எதையும், ஊடாட்டமில்லாத (ஆள் அடிக்காமல் தானாக ஓடும்) ஷெல்லைத் திருப்பி அனுப்ப அந்தக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் சோதனைக்கு மேலே வைக்காதீர்கள். அந்த எழுத்துகள் கோப்புத் தரவோடு கலந்து கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியும் ஆர்சிங்கும் செர்வரில் நின்றுவிடும்.