கடலைப் புழுவா, கரண்டிப் புழுவா?

கண்டங்கள் (உடல் வளையங்கள்) இல்லாத கடற்புழு ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும், எதை எடுப்பது என்று விலங்கியல் மாணவர்கள் குழம்புவதுண்டு.

முன்பகுதி: கடலைப் புழு (சிபன்குலா) தன் முன் உடலை, கையுறை விரலை உள்பக்கம் தள்ளுவது போல, முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கரண்டிப் புழுவின் (எக்கியூரா) துதிக்கை நீளும், சுருங்கும். உடலுக்குள் மட்டும் போகாது. பச்சை பொனெலியா என்ற கரண்டிப் புழுவில் அது ஒரு மீட்டரையும் தாண்டும்!

வாய்: முன்னதில் நுனியில், பின்னதில் துதிக்கையின் அடியில்.

குடல்: கடலைப் புழுவில் முறுக்கிய கயிறு போல் திரும்பி வந்து, ஆசனவாய் முன்பக்க முதுகில் திறக்கும். கரண்டிப் புழுவில் அது வழக்கம்போல் பின்முனையில்.

முட்கள்: கடலைப் புழுவில் கிடையாது. கரண்டிப் புழுவின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடி உண்டு.

வகைப்பாடு: முன்பு இரண்டும் தனித்தனித் தொகுதிகள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இரண்டுமே மண்புழுவின் தொகுதியான, உடல் கண்டங்களுக்குப் பேர்போன வளைதசைப் புழுக்களுக்குள் வந்துவிட்டன. கண்டமே இல்லாதவை அங்கே போனது வேடிக்கைதான்.

அறுத்துப் பார்க்கக் கடலைப் புழுவே வசதி. குடலின் முறுக்கு மறக்காது. இனப்பெருக்கம்தான் பாடம் என்றால் பொனெலியாவை எடுங்கள்: சில மில்லிமீட்டரே உள்ள ஆண், பெண்ணின் உடலுக்குள்ளேயே வாழ்கிறது.