கிரண்டிக் எஃப்.ஆர்.200: ரேடியோ நல்லது, பல்பை மட்டும் மாற்றுங்கள்

கைப்பிடியைச் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் ரேடியோக்களில் எஃப்.ஆர்.200 கொஞ்சம் பழைய ஆள். டெக்சன் கிரீன்-88 என்ற பெயரிலும் இதே பெட்டிதான் வந்தது. எஃப்.எம்., மீடியம் வேவ், இரண்டு ஷார்ட் வேவ் பேண்டு. 3.6 வோல்ட் நிக்கல் பேட்டரி, கூடவே மூன்று ஏஏ செல் போட இடம். பேச்சு தெளிவாகக் கேட்கும். இதில் உறுத்துவது விளக்கு ஒன்றுதான். பழைய டார்ச்சில் இருந்த அதே இழை பல்பு.

வெளிச்சம் மஞ்சளாக இருப்பது பெரிய விஷயமில்லை. அது தின்னும் கரண்ட்தான் விஷயம். இந்த அளவு டார்ச் பல்பு சுமார் 250 மில்லி ஆம்பியர் இழுக்கும். மிதமான ஒலியில் ரேடியோவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு போதும். 600 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரியை பல்பு இரண்டரை மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். புயல் இரவில் விளக்கை எரியவிட்டால் விடியற்காலைச் செய்திக்கு மறுபடி கைவலிக்கச் சுற்ற வேண்டியதுதான். எல்.இ.டி. போடுவது பிரகாசத்துக்காக இல்லை, ரேடியோ கேட்கும் நேரத்தைக் காப்பாற்ற.

கடையில் கிடைக்கும் எல்.இ.டி. டார்ச் பல்பை வாங்கி மாட்டுவது சுலபம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் மட்டும் உள்ளது ஒன்று. குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தரும் குட்டி சர்க்யூட் உள்ளது இன்னொன்று. இரண்டாவது வகை நல்ல வெளிச்சம் தரும், ஆனால் பலதும் மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும் 'கிர்ர்' என்று இரையும். டார்ச்சில் போட்டால் யாருக்கும் தெரியாத குறை, ரேடியோவுக்குள் போட்டால் நிலையத்தையே மூடிவிடும். வாங்கியதும் மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஒலியைக் கூட்டி, விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு திருச்சி வானொலி (936 கிலோஹெர்ட்ஸ்) மாதிரி தூரத்து நிலையம் ஒன்றை வைத்தும் சோதியுங்கள். பக்கத்து நிலையம் என்றால் அதன் பலத்தில் இரைச்சல் அமுங்கிப்போய் ஏமாற்றும்.

எங்கள் ஓட்டு நாமே செய்துகொள்ளும் பல்புக்குத்தான். 5 மி.மீ. வெள்ளை எல்.இ.டி. இரண்டு, 47 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு. சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் பொதுவாகப் போட்டால் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்த எல்.இ.டி. அதிகக் கரண்டை இழுத்துச் சீக்கிரம் மங்கும். ஏன் 47? புது ஆல்கலைன் செல் மூன்று சேர்ந்தால் 4.6 வோல்ட்டுக்கு மேல் வரும். அப்போது எல்.இ.டி. ஒன்றுக்கு 30 மில்லி ஆம்பியரை ஒட்டி ஓடும், அதுதான் உச்சவரம்பு. நிக்கல் பேட்டரியின் 3.6 வோல்ட்டில் அது பதினொன்று பன்னிரண்டுக்கு இறங்கும். 33 ஓம் போட்டால் நிக்கலில் பளிச்சென்று எரியும், ஆல்கலைனில் ஆயுள் குறையும்.

முதலில் பேட்டரியை எடுக்காமல், விளக்கு சுவிட்சைப் போட்டு, பல்பைக் கழற்றிய சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். இழை பல்புக்கு இது கணக்கே இல்லை, எல்.இ.டி.க்கு இதுதான் எல்லாம். பிறகு பேட்டரியை எடுத்துவிடுங்கள். பழைய பல்பைத் துணியில் சுற்றி கண்ணாடியை உடைத்து, அடியிலுள்ள உலோக உறையைச் சுத்தம் செய்தால் அதுவே புது பல்புக்கு அடி. எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ். ரெசிஸ்டர்களை அந்தப் பக்கம் வைத்துச் சோல்டர் செய்து, கம்பிகள் ஒன்றையொன்று தொடாதபடி ஸ்லீவ் போடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று விநாடிக்கு மேல் சூடு கூடாது, காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டால் சூடு மேலே ஏறாது. எல்லாம் வெளியிலேயே முடியட்டும். சாக்கெட்டில் மாட்டியபடி சோல்டர் வைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, நடு முனையின் ஸ்பிரிங் சாய்ந்துவிடும். அப்புறம் எந்த பல்பு போட்டாலும் மினுக்மினுக்குத்தான்.

மாட்டியும் எரியவில்லையா? கால் மாறியிருக்கும், இவ்வளவு சின்ன வோல்டேஜில் எல்.இ.டி. போயிருக்காது. திருப்பிப் போடுங்கள்.

ஒளி நடுவில் மட்டும் வட்டமாகக் குவியும். இழை பல்பு நாலாபக்கமும் ஒளி விடுவதால் ரிஃப்ளெக்டருக்கு வேலை இருந்தது, எல்.இ.டி.யோ முன்பக்கம் மட்டுமே பார்க்கும். 400 எண் உப்புத்தாளால் அதன் தலையை லேசாகத் தேய்த்தால் வெளிச்சம் பரவும். படிக்கவும் படி இறங்கவும் தாராளம். தெருமுனை வரை அடிக்காது. அதற்கு ஆசைப்பட்டு 1 வாட் எல்.இ.டி. போட்டால் 300 மில்லி ஆம்பியர், பழைய பல்பின் கதைதான்.

பேட்டரி இறங்கும்போது விளக்கு தானே சுருங்குவதும் நல்லதே. 3 வோல்ட்டில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். மறந்து எரியவிட்டாலும் ரேடியோவுக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியுடனோ விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். வோல்டேஜைப் பிடித்துவைக்கப் பேட்டரி இல்லாததால் கைப்பிடி சுழற்றும் டைனமோவின் வீச்சு நேரே எல்.இ.டி.யில் இறங்கும். பழைய செட் வாங்கினால் பேட்டரி பெரும்பாலும் செத்துத்தான் இருக்கும், அதை முதலில் மாற்றுங்கள், விளக்கை அப்புறம்.