வாத்துக் கொட்டில்: பல வருடப் புழக்கத்தில் நிலைத்தவை, கைவிட்டவை

கோழி வளர்த்துப் பழகியவர்கள் வாத்துக்கு வரும்போது ஈரத்தைப் பார்த்துத்தான் மிரளுவார்கள். கோழி எச்சம் சீக்கிரம் காய்ந்துவிடும், வாரிப் போட்டால் ஆயிற்று. வாத்து எச்சத்திலோ ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். போதாததற்கு, தீவனத்தை ஒரு வாய் அள்ளியதும் ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை விட்டு அலசும். மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளத் தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால், கோழிக்கு வைக்கும், அலகால் கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாயை மட்டும் மாட்டிவிட்டு ஒதுங்கவும் முடியாது. வீட்டுப் பின்புறத்தில் சின்னக் கூட்டம் ஒன்றைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். தண்ணீர் எங்கே சிந்துகிறது, சிந்தியது எங்கே போகிறது என்ற இரண்டையும் சரி செய்தால் பாதி வேலை குறைந்துவிடும் என்பதுதான் என் அனுபவம்.

எங்கள் அடைப்பில் அதிகப் பலன் தந்தது தண்ணீர் மேடை. ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் பெருஜல்லியும் மேலே சிறுஜல்லியும் கொட்டி, அதன்மேல் மரச்சட்டத்தில் இழுத்து அடித்த கம்பிவலையை வைத்து, நடுவில் தொட்டி. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும். கம்பி நுனி மேலே துருத்தவும் கூடாது. வாத்து என்னதான் உதறித் தெளித்தாலும் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிவிடும். ஆனால் இதை அமைத்துவிட்டு மறந்துபோக முடியாது. தீவனத்துகளும் எச்சமும் சேர்ந்து ஜல்லி இடுக்கை மெல்ல அடைக்கும். மேலே தண்ணீர் தேங்க ஆரம்பித்தால் ஜல்லியை வெளியே எடுத்து அலசிப் போட வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை, மறைப்பதற்கில்லை. இருந்தாலும் தினமும் சேற்றில் மல்லுக்கட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

தீவனத்தைத் தண்ணீரிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி வைக்கிறேன். அதற்கு மேல் தள்ளினால் உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைக்கும். பக்கத்திலேயே வைத்தாலோ தொட்டி சீக்கிரமே கூழாகிவிடும்.

இரவில் கொட்டிலுக்குள் தீவனமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும், தீவனத்தை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. வளர்ந்த வாத்துகள் இதைத் தாங்கும். குஞ்சுகளுக்கு இது ஆகாது, கடும் வெக்கை இரவுகளுக்கும் ஆகாது. மற்றபடி கொட்டில் தரையில் பரப்பும் கூளம் காய்ந்திருக்க இதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை.

கூளத்தில் பலதையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மணல் பார்க்க அழகு, ஆனால் வாத்தின் நீர்த்த எச்சம் அதில் ஊறி அடியில் நாற ஆரம்பிக்கும். அதை நான் விட்டுவிட்டேன். வைக்கோல் மெத்தென்று இருக்கும், முட்டை உடையாது. ஈரம்பட்டுப் படிந்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை வித்து வாத்தின் நுரையீரலைத் தாக்கும். இப்போது தரை முழுக்க மரச்சீவல், முட்டையிடும் மூலையில் மட்டும் வைக்கோல். நனைந்த இடத்தைக் கிளறிவிட்டு மேலே புதுச் சீவல் தூவுவேன். ஆழ்கூள முறை என்பார்கள். கோழியானால் தானே கிளறிக்கொள்ளும், வாத்து மிதித்து அமுக்கத்தான் செய்யும், அதனால் கிளறுவது நம் பொறுப்பு. மாற்ற வேண்டிய நேரத்தை நாள்காட்டி பார்த்து முடிவு செய்வதில்லை. குனிந்து, வாத்து படுக்கும் உயரத்தில் மோந்து பார்ப்பேன். அமோனியா மூக்கில் ஏறினால் அன்றைக்கே மொத்தத்தையும் வாரிவிடுவேன். காற்றுத்துளை கூரையை ஒட்டி இருக்கட்டும், படுத்திருக்கும் வாத்தின்மேல் நேராக வீசக் கூடாது.

முட்டை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே விழுந்துவிடும். திறந்துவிட்ட கையோடு பொறுக்கினால் கழுவுகிற வேலை மிச்சம்.

அடைப்பில் புல் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டைக்காலும் ஈரமும் சேர்ந்தால் மழைக்காலத்தில் களம் சேறாகும். மரச்சில்லுகளைக் கனமாகப் பரப்பி, தரைக்குச் சற்றே சரிவு கொடுத்தபின் நிலைமை மாறியது. சிமெண்டுத் தரையைக் கழுவுவது சுலபம்தான், ஆனால் வெறும் சிமெண்டில் நாள் முழுக்க நடந்தால் பாதத்தில் புண்ணும் வீக்கமும் வரும். சேற்றில் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் கவனியுங்கள்: நீற்றுச் சுண்ணாம்பு காலைச் சுட்டுவிடும்.

குளிக்கும் தொட்டிக்கு அடியில் குழாய் வைத்துக்கொண்டது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. திறந்தால் அழுக்குத் தண்ணீர் நேராக மரங்களின் தூருக்குப் போகும். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு இதை விடுவதில்லை. வாரிய கூளமும் நன்றாக மக்கிய பிறகுதான் பாத்திக்குப் போகும்.

கழுவ பெரும்பாலும் தண்ணீரும் தேய்ப்பானும் போதும். பிளீச்சிங் கரைசல் பயன்படுத்துவதாக இருந்தால் எச்சத்தை முழுக்கச் சுரண்டிக் கழுவியபின் மட்டுமே. எச்சத்தின் அமோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் நச்சுப்புகை கிளம்பும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வாத்திடமிருந்து சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி தொற்றலாம்.

புதிதாகக் கொட்டில் வாங்குகிறவர்கள் வர்ணத்தையும் கூரையையும் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள். மண்வெட்டி தாராளமாக நுழைய வேண்டும், கடைசி மூலை வரை கை எட்ட வேண்டும். எட்டாத மூலையில்தான் ஈரக் கூளம் சேரும்.