கொப்பரைக் களத்துக்குக் கம்பி வலையா, எஃகு இழையா, பிளாஸ்டிக் இழையா?

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய கொப்பரைக் களத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. 50க்கு 60 அடி, 5 அங்குல கனம், எம் 25 என்கிற வலிமைத் தரத்தில் கலவை. வழக்கமான கம்பி வலை, எஃகு இழை, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழை என மூன்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியாகச் சொன்னதைப் போட்டேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

பளு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எந்த இழை போட்டாலும் கான்கிரீட்டின் அமுக்கு வலிமை பெரிதாக அதிகரிக்காது. எஃகு இழையின் அருமை விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். முனை வளைந்த அந்தத் துண்டுக் கம்பிகள் இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். லோடு லாரி ஏறுகிற குடோனுக்கு அது சரி. கம்பி வலையும் அந்த வேலையைச் செய்யும், இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தால். எங்கள் பழைய களத்தைப் பெயர்த்தபோது வலை மொத்தமும் அடிமண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைக்காமல் மிதித்தே உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் கொப்பரைக் களத்தில் கெட்டுப்போவது மேல்பரப்புதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வருகிற காற்றைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்பித்தான் உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று, போட்ட தளத்தில் கசிந்து மேலே வருகிற தண்ணீரை, அது வருகிற வேகத்தைவிட வேகமாக உறிஞ்சிவிடும். கலவை இறுகும் முன்பே மேல்தோல் சுருங்கி, தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடும். அப்போதைக்குப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு மழைக்காலம் போனால் ஓரம் உதிர்ந்து, மண் அடைந்து, கொப்பரைத் தூளுக்கு எறும்பு வரிசை கட்டும். வருடா வருடம் சிமென்ட் பால் பூசிப் பூசி எங்கள் அய்யனுக்கு அலுத்துப்போனது. எத்தனை பூசினாலும் அடுத்த கோடையில் அது ஏடு ஏடாகப் பெயர்ந்து கொப்பரையோடு வந்துவிடும்.

பிளாஸ்டிக் இழை உதவுவது இந்த முதல் சில மணி நேரத்தில்தான். அரை அங்குல நீளத்தில் லட்சக்கணக்கான மெல்லிய இழைகள் கலவை முழுக்கப் பரவிக் கிடப்பதால் வெடிப்பு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு கன மீட்டருக்கு 900 கிராம்; எங்கள் களம் முழுவதற்கும் 32 கிலோ போதுமானதாக இருந்தது. எஃகு இழை என்றால் 25 கிலோ வீதம் போட்டாலே 900 கிலோவை நெருங்கும். 8 மில்லி கம்பியை 8 அங்குல இடைவெளியில் பின்னினால் ஒரு டன்னைத் தாண்டும்.

எஃகு இழையை நான் ஒதுக்கியதற்கு இன்னொரு காரணம், சொந்தக்காரர் ஒருவரின் குடோன் தரை. அங்கங்கே ஊசிபோல் நீட்டிக்கொண்டு துருப்புள்ளி வைத்திருந்தது. துரு உள்ளே இறங்காது, கான்கிரீட்டின் காரத்தன்மை காக்கும். ஆனால் எங்கள் களத்தில் பெண்கள் வெறுங்காலோடு நடந்து கொப்பரை புரட்டுகிறார்கள். துணுக்கு ஒன்று கொப்பரையோடு செக்குக்குப் போனால் அது வேறு வம்பு.

“ஏனுங்க, நம்ம தென்னை நாரையே போட்டா என்ன?” என்று கொத்தனார் கேட்டார். நல்ல கேள்விதான். சிமென்ட்டின் காரம் நாரை நாளாவட்டத்தில் தின்றுவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் இழையிலும் தொல்லை உண்டு. முதல் மிக்சரில் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்ததில் பஞ்சு உருண்டையாகத் திரண்டது. பிறகு ஜல்லியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினோம். கலவை கெட்டியாகத் தெரியவும் ஆள்கள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்கள். தண்ணீர் விடவே கூடாது, கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசர் என்ற மருந்துதான் ஊற்ற வேண்டும். மேலே துருத்திய முடி வெயிலிலும் துடைப்பத்திலும் தானே தேய்ந்துவிட்டது. இழை போட்டாச்சே என்று தண்ணீர் கட்டுவதையும் வெடிப்பு கண்டபடி ஓடாமலிருக்கத் தளத்தில் கோடு கீறுகிற ஜாயிண்ட் வெட்டுவதையும் விட்டுவிடாதீர்கள். 10 அடிக்கு ஒன்றாக மறுநாளே வெட்டினோம்.

இதுவரை இரண்டு இடத்தில்தான் மயிரிழை தெரிகிறது, இரண்டும் உச்சி வெயிலில் போட்ட பாத்தியில். மூன்று வருடத்தை வைத்து இருபது வருடத்துக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. அப்புறம் ஒன்று, லாரி வந்து நிற்கிற 12 அடி ஓரத்துக்கு மட்டும் கம்பி வலையும் கட்டினேன். கவர் பிளாக்கை நானே குனிந்து ஒவ்வொன்றாக வைத்தேன்.