மாடிக் கூரைக்கு ஜிஐயா, கால்வால்யூமா, கலர் ஷீட்டா?

குளச்சல், முட்டம் பக்கம் மாடியில் டிரஸ் (இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போடுகிறவர்கள் கடையில் விலைக்கு அடுத்தபடி கேட்பது "எத்தனை ஜிஎஸ்எம்?" அது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்ற கணக்கு. அந்த எண்ணை மட்டும் வைத்து ஜிஐயையும் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கால்வால்யூமையும் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது) ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். ஜிஐயில் 275 என்றால் இரு முகமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம். ஒரு முகத்துக்குச் சுமார் 20 மைக்ரான். கால்வால்யூமில் 150 கிராம்தான், ஆனால் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம் என்பதால் அந்த எடைக்கே அதே 20 மைக்ரான் கனம் கிடைக்கிறது. மழை படும் கூரையில் அது ஜிஐயைவிட நெடுநாள் நிற்கும்.

பட்டறை வேலை என்று வந்தால் ஜிஐ தான் சொன்னபடி கேட்கும். மடித்துத் தட்டலாம், ஈயம் வைத்துப் பற்றலாம், வெல்டிங்கும் செய்யலாம். வெல்டிங்கில் மட்டும் கவனம் வேண்டும்: துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும், அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பற்ற வேண்டிய இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் பற்றவும். பிறகு கம்பி பிரஷ் போட்டு, துத்தநாகம் மிகுந்த பெயின்ட் இரண்டு கோட் அடிக்கவும்.

கால்வால்யூமை இறுக்கி மடித்தால் வளைவில் பூச்சு விரிசல் விடும். உள்வளைவுக்குத் தகட்டின் கனத்தைப்போல் இரண்டு மடங்காவது ஆரம் விடவும். ஈயம் ஒட்டாது. இணைப்புக்கு ரிவிட்டும் நியூட்ரல் சிலிக்கானும்தான். வினிகர் வாசனை அடிக்கும் மலிவு சிலிக்கான் பூச்சையே அரிக்கும். கைப்பிடிச் சுவரோடு ஷீட்டைச் சேர்த்துச் சிமென்ட் கலவை பூசுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஈரக் கலவையின் காரம் அலுமினியத்தைத் தின்னும், ஆகவே அங்கே சீலன்ட் போதும். மூடிய மாட்டுத் தொழுவத்துக்கும் இது ஆகாது, அம்மோனியா விடாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் கொட்டகையில், ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் தெறிக்கும் உயரம் வரை ஜிஐ, கால்வால்யூம் எதுவுமே வேண்டாம்.

கலர் ஷீட் என்பது இவற்றின்மேல் ஆலையிலேயே பெயின்ட் அடித்த தகடு. அதை வாங்கும்போது நிறத்துக்கு முன்னால், அடியில் இருப்பது ஜிஐயா கால்வால்யூமா என்று கேளுங்கள். கடற்கரை ஊருக்குக் கால்வால்யூம் அடித்தளம் உள்ளதே நல்லது. சாதா ஜிஐ வாங்கி நாமே எனாமல் அடித்தால் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணெய் எனாமல் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, தோல் தோலாக உரியும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எட்ச் பிரைமர் (துத்தநாகத்தைப் பற்றிப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகே மேல் கோட். கலர் ஷீட்டில் கீறல் விழுந்தால் மெல்லிய பிரஷால் கீறலை மட்டும் தொடவும். ஸ்ப்ரே அடித்த இடம் வெயிலில் வேறு நிறமாக வெளுத்துக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றையும் கெடுப்பது கிரைண்டர். பிளேடு ஓரப் பூச்சைக் கருக்கும். பறக்கும் பொறி தகட்டில் ஒட்டி, மறுநாளே துருப்புள்ளியாகத் தெரியும். நிப்ளர் (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி) அல்லது தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, துளையிட்ட இரும்புத்தூளை அன்று மாலையே கூட்டிவிடவும். ஸ்க்ரூவை ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். கடலோரம் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுவது தப்பு: உப்பு ஈரத்தில் ஸ்க்ரூ நிற்கும், சுற்றியுள்ள பூச்சு கரையும்.

பலரும் கவனிக்காதது மழைநீர்ப் பாத்தி, அதாவது கூரை ஓரத்தில் தண்ணீரை வாங்கும் தகட்டு வாய்க்கால். கால்வால்யூம் அல்லது கலர் ஷீட் கூரையிலிருந்து வரும் தண்ணீரில் துத்தநாகம் கரைந்திருக்காது. அது ஜிஐ பாத்தியில் விழும் இடத்தில் பூச்சைச் சீக்கிரமே கரைத்துவிடும். ஜிஐ கூரைத் தண்ணீர் கால்வால்யூம் பாத்தியில் விழுந்தால் பாதகமில்லை.

இறவாரத்தின் அடிப்பக்கத்தில் மழை படாது, உப்பு மட்டும் படியும். அலை ஓசை கேட்கும் தூரத்தில் வீடு என்றால் அந்த இடத்தை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஹோஸால் கழுவிவிடுங்கள்.