க்ரீமில் மல்லி வாசம்: பூவின் அப்சல்யூட்டா, ஆய்வகக் கலவையா?

முகத்தில் பூசி அப்படியே விடும் க்ரீமுக்கு மல்லிகை மணம் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. பூவிலிருந்து எடுக்கும் அப்சல்யூட், ஆய்வகத்தில் கூட்டிய கலவை, வீட்டில் பூவை எண்ணெயில் ஊறவைப்பது. மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பூவின் ஈரம் எண்ணெயில் இறங்கி, க்ரீமில் பூஞ்சை பிடிக்க வழிசெய்யும்; மணமும் நிற்காது.

கோவை, சத்தியமங்கலம் பக்கத்து சென்ட் ஃபேக்டரிகளில் பூ, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறுகிறது. ஹெக்சேனை ஆவியாக்கி மீட்டெடுத்தபின் மெழுகாக மிஞ்சுவது காங்கிரீட். அதை எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் அப்சல்யூட். 1,000 கிலோ பூவுக்குக் காங்கிரீட் 3 கிலோ, அப்சல்யூட் ஒன்றரை கிலோ தேறினால் நல்ல மகசூல். மல்லி சூட்டைத் தாங்காது. ஆகவே ‘நீராவியில் வடித்த மல்லி எண்ணெய்’ என்று மலிவாக வந்தால் வாங்காதீர்கள்.

மொட்டுப் புழுவுக்கு அடித்த மருந்து கொழுப்பில் கரைவதாக இருந்தால் ஹெக்சேனோடு அதுவும் வந்துவிடும். பூவில் துளியாக இருந்தது காங்கிரீட்டில் பல மடங்கு செறியும். அதனால் அந்தந்த பேட்ச்சுக்கான பூச்சிமருந்து, ஹெக்சேன் எச்ச அறிக்கை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அதேசமயம், சீசனில் பூ விலை படுத்துவிடும்போது விவசாயிக்குக் கைகொடுப்பது இந்த ஃபேக்டரிக் கொள்முதல்தான். அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

சருமத்தின் கணக்கு வேறு. 100 கிராம் க்ரீமில் 0.2 கிராம் அப்சல்யூட் போடுகிறோம் என்று வையுங்கள். அதில் லினலூல் என்ற, ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள் 5 சதவீதம் இருந்தால், க்ரீமில் அது 0.01 சதவீதம். கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயரைப் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நாம் பத்து மடங்கில் நிற்கிறோம். லினலூல் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போதுதான் ஒவ்வாமை கூடும் என்பதால், பாதி காலியான பாட்டிலில் வைக்காமல் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, குளிரில் வையுங்கள். அப்சல்யூட்டில் உள்ள இண்டோல் என்ற மணப்பொருள் வெள்ளைக் க்ரீமை நாளடைவில் பழுப்பாக்கும் என்பது இன்னொரு தொல்லை.

ஆய்வகக் கலவையில் என்ன, எவ்வளவு என்பது தெரியும். அதுவே அதன் பலம். மல்லிகை வாசம் தரும் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டை முதன்மையாக வைத்த கலவை ஒவ்வாமை குறைந்தது, எளிதில் மக்கும், விலையும் அப்சல்யூட்டோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம் என்பது குறைதான். இத்தகைய கலவைகளில் சேரும் ஹெக்சைல் சின்னமால் என்ற மணப்பொருள் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளது. அதன் அளவைக் கேளுங்கள். லிலியால் என்ற செயற்கை மணப்பொருள் இருந்தால் அந்தக் கலவையே வேண்டாம்: இனப்பெருக்க நச்சு என வகைப்படுத்தப்பட்டதால் ஐரோப்பாவில் 2022 மார்ச் முதல் தடை.

என் தேர்வு: முகக் க்ரீமுக்கு ஆய்வகக் கலவை 0.1 முதல் 0.2 சதவீதம், அப்சல்யூட்டை உடையில் தெளிக்கும் வாசனைத் திரவியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், முழங்கை மடிப்பில் தினம் இருமுறை ஏழு நாள் தடவிப் பாருங்கள். ஒரே நாள் சோதனையில் ஒவ்வாமை பெரும்பாலும் தலைகாட்டாது.