சேலம் வெயிலில் ஒரு பென்டியம் 4: பழைய பாகங்களில் கட்டிய விளையாட்டுக் கணினி

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து விளையாட்டுகளை அந்தக் காலத்து வன்பொருளிலேயே ஆட வேண்டும் என்ற விருப்பத்தில், சேலத்தில் பழைய பாகங்களைத் தேடி வாங்கிக் கட்டிய என் கணினி, சில கோடைகளைக் கடந்து இன்றும் நன்றாக ஓடுகிறது. இந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பழைய பாகம் வாங்கும்போது வேகத்தைவிட வெப்பத்தையும் மின்சாரத்தையுமே முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான்.

நான் தேர்ந்தெடுத்தது பென்டியம் 4 ப்ராசஸர் பொருந்தும் சாக்கெட் 478 வகை மதர்போர்டு. பென்டியம் 3 மீதும் எனக்கு ஆசை உண்டு; ஆனால் அந்த போர்டுகள் ப்ராசஸருக்கான மின்சாரத்தைப் பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட் பாதையிலிருந்து இழுப்பவை, இன்று கடைகளில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்களோ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிகள்) 12 வோல்ட்டில்தான் வலுவாக இருக்கின்றன. பென்டியம் 4 போர்டுகளில் பெரும்பாலானவை நான்கு முனை இணைப்பு வழியாக 12 வோல்ட்டையே எடுத்துக்கொள்வதால், புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி அப்படியே பொருத்திவிடலாம். மற்ற எல்லாவற்றையும் பழையதாக வாங்கினாலும் இதை மட்டும் புதிதாக வாங்குங்கள். பல ஆண்டுகள் தூசியில் கிடந்த எஸ்எம்பிஎஸ், தான் கெடும்போது போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

அடுத்தது ப்ராசஸர். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 38, 39 டிகிரியைத் தொடும். மாடி வீட்டு அறைக்குள் மாலையிலும் சூடு இறங்காது. அதனால் பென்டியம் 4-இல் 2004-இல் வந்த, அதிகம் சூடாகும் பிரெஸ்காட் வகையைத் தவிர்த்து, அதற்கு முந்தைய நார்த்வுட் 2.4 கிகாஹெர்ட்ஸை வாங்கினேன். பிரெஸ்காட்டின் 2.8 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு 89 வாட் என்றால், நான் வாங்கிய நார்த்வுட்டுக்கு ஏறத்தாழ 60 வாட்தான். இரண்டையும் பிரித்தறிவது எளிது: மேல்தகட்டில் வேகத்தை அடுத்து 512 என்று அச்சிட்டிருந்தால் நார்த்வுட், 1எம் என்று இருந்தால் பிரெஸ்காட். ப்ராசஸருக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் இடையே காய்ந்து போன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவியது, விலைக்கு மீறிய பலனைத் தந்த வேலை.

பழைய போர்டில் நான் மிகுந்த கவனத்துடன் பார்ப்பது, மின்சாரத்தைச் சீராக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களை. 1999 முதல் 2007 வரை தயாரான போர்டுகள் பலவற்றில் தரமற்ற மின்பகுளித் திரவம் கொண்ட கெப்பாசிட்டர்கள் இடம்பெற்றுவிட்டன. அவை நாளடைவில் தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசியும். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் வரிசையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் உப்பல் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்து, விலையும் குறைவாக இருந்தால் வாங்கலாம். பழைய டிவி பழுது பார்ப்பவர்கள் 105 டிகிரி தாங்கும் வகையைப் போட்டு மாற்றித் தருகிறார்கள்.

பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட, மூடப்பட்ட பிரவுசிங் சென்டரோ டிடிபி கடையோ எடைக்குப் போடும் முழுக் கேபினட்டை வாங்குவதே மேல். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. ஒன்றாகவே ஓடிப் பழகிய போர்டு, ராம், ஹீட்சிங்க் மூன்றும் சேர்ந்து வருவதால் பொருத்தம் பற்றிய கவலை இல்லை. “ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கண்ணா” என்று கேட்கத் தயங்க வேண்டாம். கணினி தொடங்கும்போது முதலில் தோன்றும் பயோஸ் திரை வந்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு பேசும் விலைதான் சரியான விலை.

கிராபிக்ஸுக்கு 2003-இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 போட்டிருக்கிறேன். வேகத்தில் அது எளிய கார்டுதான். ஆனால் ஃபேன் இல்லாத மாடல்கள் எளிதில் கிடைக்கின்றன, தூசி அடைத்து நின்றுபோக அதில் எதுவும் இல்லை. பழைய விளையாட்டுகள் சில பயன்படுத்தும் 8 பிட் நிறத்தட்டு டெக்ஸ்சர்களை (256 நிறங்களுக்குள் அடங்கும் பரப்புப் படங்களை) வன்பொருளிலேயே காட்டும் கடைசி ஜிஃபோர்ஸ் வரிசையும் எஃப்எக்ஸ்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதல் வைஸ் சிட்டி வரை நான் விரும்பும் எல்லாம் 800-க்கு 600 அளவில் நிறைவாக ஓடுகின்றன. 3.3 வோல்ட் மட்டும் ஏற்கும் மிகப் பழைய ஏஜிபி (அந்தக் காலத்து கிராபிக்ஸ் செருகுமுறை) கார்டுகளை இன்டெல் 845, 865 சிப்செட் கொண்ட பென்டியம் 4 போர்டுகளில் செருகவே கூடாது, போர்டு கருகிவிடலாம்.

ராம் 512 எம்பி போதும். அதற்கு மேல் போனால் திருத்தம் செய்யாத விண்டோஸ் 98 தடுமாறும். ஹார்டு டிஸ்க் 80 ஜிபி வைத்திருக்கிறேன், பழைய விண்டோஸின் 137 ஜிபி வரம்புச் சிக்கல் அதில் வராது.

ஏற்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவரும் இதே போல ஒன்றைக் கட்டியிருக்கிறார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அவருக்கு வெப்பம் ஒரு பொருட்டே இல்லை, ஈரம்தான் தொல்லை. பனிமூட்ட மாதங்களில் ராம் முனைகளில் கருமை படிந்து கணினி பீப் ஒலியோடு நின்றுவிடும். பென்சில் அழிப்பானால் தேய்த்துச் செருகினால் மீண்டும் ஓடும். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டி உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறார். நான் ஒதுக்கிய பிரெஸ்காட்டைத்தான் அவர் போட்டிருக்கிறார், அந்தக் குளிருக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.